விலை குடியிருக்கும் இடம்

அறுப்புக் காலத்தில் செம்மறிக்கு
ஆள் கட்டணத்தில் பாதி.
படகுக் கம்பெனியின் விதி இவ்வளவுதான்.
அதை நான் எழுதிய இடம் கன்ட்ரோலர்.
அன்று அவசரம். தோர்ஷவ்னில் மழை
பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
வருகிற கேள்வியெல்லாம் நுழையும் வாசல் அது;
வாசலிலேயே கல்லாப்பெட்டியை வைத்துவிட்டேன்.

ரசீது அழகாக வரட்டுமென்று
டெம்ப்ளேட்டுக்குள் பார்தூர் அதையே ஒருமுறை எழுதினான்.
நள்ளிரவில் வங்கிக்குக் கணக்கு அனுப்பும் நிரலில்
யாரோ மறுபடியும் எழுதியிருக்கிறார்கள்
(கோப்பின் வரலாறு என் பெயரைத்தான் சொல்கிறது).

மூன்று இடத்தில் ஒரே விதி
மூன்று சாட்சிகளைப் போலத் தெம்பு தரும்,
சாட்சிகள் பிறழும்வரை.

இந்த வருடம் குளிர் முந்திக்கொண்டது.
அக்டோபர் ஒன்று என்பதைச் செப்டம்பர் இருபதாக்கச் சொன்னார்கள்.
நான் வாசலில் மாற்றினேன்.
பார்தூர் ரசீதில் மாற்றினான்.
நள்ளிரவு யாருக்கும் ஞாபகமில்லை.

ஸ்கூவோய் தீவிலிருந்து ஹானுஸ்,
பதினான்கு பெட்டை ஆடுகள்.
திரை பாதி என்றது. ரசீதும் பாதி என்றது.
வங்கி முழுசாக உருவிக்கொண்டது.
காலையில் தொலைபேசியில் கேட்டார்:
"பன்னிரண்டு மணி அடித்தால்
என் ஆடெல்லாம் ஆளாகிவிடுமா?"

சிரிக்க முடியவில்லை.
பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு
பார்தூரிடம் சொன்னேன்: இனி சீட்டையே கேட்போம்.
"சீட்டா? டேட்டாபேஸில் ஒரு வரி.
வரிக்கு என்ன தெரியும்?"
யாரை ஏற்றுகிறோம், எந்த நாள்,
எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு.
விலை சொல்ல இதற்குமேல் என்ன தெரிய வேண்டும்?

அழிக்க உட்கார்ந்தோம்.
எழுதியபோது இல்லாத சுகம் அழிப்பதில் இருந்தது.
கன்ட்ரோலர் நாலு வரியாக இளைத்தது:
வாங்கு, கேள், கொடு, வழியனுப்பு.
தபால்காரனுக்குக் கடிதத்தின் உள்ளே என்ன வேலை?

மாடல் என்கிற வீடு பெரிது என்றவுடன்
எல்லோரும் மூட்டையோடு வந்துவிட்டார்கள்.
காற்றின் வேகம் சீட்டுக்குத் தெரிந்தது,
விடுமுறை நாள் தெரிந்தது,
ஒருநாள் பார்த்தால்
மின்னஞ்சல் அனுப்பவும் கற்றிருந்தது.
கட்டண அட்டவணையைத் தனி கிளாஸாகப் பிரித்துக் குடிவைத்தோம்,
நாள்காட்டியை வேறொன்றாக.
சீட்டு மூச்சு விட்டது.

நவம்பரில் ஒரு சவப்பெட்டி ஏறியது.
கூடவே எல்ஸ்பா, கையில் ஈரக் கையுறை.
கேப்டன் சிமுன் தலையைத் திருப்பிக்கொண்டார்.
அவருடைய மொழியில் அதற்கு, ஏறிக்கொள் என்று பொருள்.

இரவு கணக்கு ஒத்துவரவில்லை.
ஏறியவர் எண்ணிக்கையில் ஒன்று கூடுதல், சரக்கில் ஒன்று,
பணம் பூஜ்யம்.
பூஜ்யத்தைச் சேமிக்க சீட்டு மறுத்தது;
விலை பூஜ்யமாகக் கூடாது என்று
அதற்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

"சவப்பெட்டிக்கு இலவசம்னு ஒரு விதி போட்டுடலாமா?"
போடலாம். ஒரே வரி.
அடுத்த முறை சிமுன்
தலையைத் திருப்புவதற்குமுன்
பட்டியலில் காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்:
மரணம், மற்றவை.

விரல் விசைப்பலகைமேல் அப்படியே நின்றது.
ஜன்னலுக்கு வெளியே துறைமுக விளக்கு
ஆடிக்கொண்டிருந்தது.

சீட்டில் வைக்க முடியாது, சீட்டே இல்லையே.
அட்டவணையில் வைத்தால் அது சலுகையாகிவிடும்.
கடைசியில் படகு என்கிற கிளாஸைத் திறந்து
எஞ்சின் எண்ணுக்கும் இருக்கைக் கணக்குக்கும் கீழே
ஒரு மெத்தட் எழுதினேன்:
கேப்டன்_விட்டார்.
எதையும் கேட்காது, எண்ணிக்கையை மட்டும் சரிசெய்யும்.
காரணம் என்ற பத்தி காலியாக இருக்கலாம்.

அதற்கு டெஸ்ட் எழுத பார்தூர் உட்கார்ந்தான்.
எதிர்பார்க்கும் மதிப்பு என்ற இடத்தில்
கர்சர் வெகுநேரம் சிமிட்டிக்கொண்டிருந்தது.
காபி போடட்டுமா என்று கேட்டான்.